வாய் பிளக்கும் த்லாக்கோயோ, உப்பாத கோர்டிட்டா: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மெக்சிகோ நகரத்தில் இருக்கிறேன் என்ற ஒரே தகுதிக்காக எனக்கு அடிக்கடி வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். பூரணம் வழியும் த்லாக்கோயோ, ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெள்ளையாக நிற்கும் கோர்டிட்டா, எண்ணெய்ச் சட்டிக்குள் சிதறிப்போன ஏதோ ஒன்று. கீழே ஒரே வரி: “எங்கே தப்பு?” பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். மாவில் ஈரம் குறைவு, பூரணத்தில் ஈரம் அதிகம். மற்ற கோளாறுகளையும் சேர்த்துக் கண்ணில் படும் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். எல்லாமே மெக்சிகோவின் பூரணம் வைத்த சோள மாவுப் பண்டங்கள்; இங்கே சோளம் என்றால் மக்காச்சோளம். த்லாக்கோயோ நீளவாட்டில், இரண்டு முனையும் கூம்பி இருக்கும். அரைத்த பீன்ஸையோ ஹாபா என்கிற பருப்பையோ ரெக்கெசோன் என்கிற உதிரிப் பாலாடைக்கட்டியையோ உள்ளே வைத்து மூடி, எண்ணெயில்லாமல் கொமால் என்கிற தட்டைக் கல்லில் சுடுவார்கள். மெக்சிகோ நகரம், புவெப்லா, த்லஸ்கலா, ஹிடால்கோ பக்கத்துச் சந்தைகளில் நீலச் சோள மாவில் செய்து கூடையில் வைத்து விற்பார்கள். கோர்டிட்டா தடித்த வட்டம். சுட்டபின் விளாவில் கீறி அடைப்பது ஒரு வகை, முதலிலேயே பன்றிக்கொழுப்பு வறுவலான சிச்சரோனை வைத்து மூடிப் பொரிப்பது இன்னொரு வகை. பனூச்சோ யுகாட்டான் பக்கத்துச் சரக்கு: உப்பிய டோர்ட்டியாவின், அதாவது மெல்லிய சோள ரொட்டியின், வயிற்றைக் கீறி, கறுப்பு பீன்ஸ் விழுதைத் தடவிப் பொரிப்பது.

அடிப்படை அளவு: 2 கப் மாசா ஹரினாவுக்கு (டோர்ட்டியா செய்யும் சோள மாவு, விவரம் கீழே) 1½ கப் வெதுவெதுப்பான தண்ணீர், ½ டீஸ்பூன் உப்பு. பிசைந்து ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் விடுங்கள். இனி வரும் எல்லாமே இந்த அளவை வைத்துத்தான்.

## எதற்கும் முன்னால்: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

இந்தியாவிலிருந்து வரும் படங்களில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். ‘கார்ன் ஃப்ளோர்’ என்று நம் கடைகளில் விற்பது வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்க உதவும், இதற்கு உதவாது. ‘மக்கி ஆட்டா’ காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்த மாவு. அதில் ரொட்டி தட்டலாம், ஆனால் பூரணம் வைத்து மூடினால் பிளக்கும்.

வேண்டியது, சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளத்தை அரைத்துக் காயவைத்த மாவு. பாக்கெட்டில் மாசா ஹரினா என்றோ, நிஷ்டமால் செய்த சோளம் என்றோ, சுண்ணாம்பு சேர்த்த சோளம் என்றோ இருக்கும். மசேக்கா என்கிற பிராண்டு எளிதாகக் கிடைப்பது. கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துச் சுடுதண்ணீர் தெளித்து முகர்ந்து பாருங்கள். புதிதாகச் சுட்ட டோர்ட்டியாவின் மணம் வந்தால் சரி. பச்சைச் சோள மாவு வாசம் மட்டும் வந்தால் கீழே உள்ள எந்த வைத்தியமும் பலிக்காது, மாவை மாற்றுங்கள்.

## அறிகுறி: தட்டும்போதே ஓரம் வெடிக்கிறது

சோதனை இதுதான். எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து அமுக்குங்கள். ஓரத்தில் மயிரிழைக் கீறல் மட்டும் என்றால் விட்டுவிடலாம். விரல் நகம் நுழையும் அளவு பிளந்தால் மேலே போக வேண்டாம், இங்கேயே நின்று சரிசெய்யுங்கள்.

தண்ணீர் போதவில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் தெளித்து இரண்டு நிமிடம் பிசைந்து மறுபடி அமுக்குங்கள். இதையே திருப்பிச் செய்யுங்கள். பாக்கெட்டில் போட்ட அளவு ஒரு தொடக்கம்தான். பழைய மாவும், ஏசி அறையில் திறந்து கிடந்த மாவும் கூடுதலாகக் குடிக்கும்.

ஊறவில்லை. பிசைந்தவுடன் ஈரமாகத் தெரிந்த மாவு அரை மணி கழித்து வறண்டிருக்கும். அதனால் ஊறிய பிறகு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நிறையப் பேர் விடுவது இந்த இரண்டாவது சோதனையைத்தான்.

மின்விசிறி. முதல் நாலு நன்றாக வந்து, ஐந்தாவது பிளந்தால் மாவில் குறையில்லை. தலைக்கு மேல் சுற்றும் விசிறி மாவின் தோலை உலர்த்துகிறது. உருட்டிய உருண்டைகளை ஈரத்துணிக்கு அடியில் வையுங்கள். கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தட்டுங்கள்.

மாவு கொரகொரப்பு. தமாலுக்கென்று (மாவை இலையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் பண்டம்) விற்கும் மாசா ஹரினா பருவெட்டாக இருக்கும். விரல்களுக்கிடையே தேய்த்தால் ரவை தட்டுப்படும். அதைத் தமாலுக்கே வைத்துக்கொள்ளுங்கள், டோர்ட்டியாவுக்கான பாக்கெட் தனி.

சோளத்தை நீங்களே வேகவைத்தீர்களா? அப்படியென்றால் ஒரு முத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி இருக்கலாம். பாதிக்கு மேல் வெள்ளையாக, மாப்போல் இருந்தால் வேக்காடு போதவில்லை. சுண்ணாம்புத் தண்ணீரிலேயே இன்னும் 15 நிமிடம் மிதமான சூட்டில் வைத்து ஊறவிடுங்கள். தேய்த்தாலும் தோல் வழுகி வரவில்லை என்றால் சுண்ணாம்பு குறைவு. 1 கிலோ காய்ந்த சோளத்துக்கு 10 கிராம் சுண்ணாம்பு, 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், பிறகு இரவு முழுக்க ஊறல் என்பது நல்ல கணக்கு. வேக்காடு சரி, தோலும் கழன்றது, ஆனாலும் மாவு ஒட்டாமல் உதிர்கிறது என்றால் அரைப்பில்தான் கோளாறு. மிக்ஸி இதற்குத் தோதில்லை. மில் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

## அறிகுறி: மாவு கையை விடமாட்டேன் என்கிறது

மாசா ஹரினாவாக இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஒரு டேபிள்ஸ்பூன் மாவு தூவிப் பிசைந்து பத்து நிமிடம் விடுங்கள். கோதுமை மாவைக் கலக்க வேண்டாம்; ஒட்டு நிற்கும், மணம் போய்விடும்.

வீட்டில் அரைத்த மாவு என்றால் இரண்டு வாய்ப்பு. மிக்ஸியோ வெட் கிரைண்டரோ ஓடுவதற்காகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள்; மாசா ஹரினா சேர்த்து இறுக்கினால் தீரும். இல்லை, சோளம் குழைய வெந்துவிட்டது. அந்த மாவு பிசின் போல இழுக்கும். பாதிக்குப் பாதி மாசா ஹரினா சேர்த்தால் ஒருவாறு தேறும். ஆனால் அதில் த்லாக்கோயோ செய்ய முயற்சிக்காதீர்கள். கஞ்சியாகக் கரைத்து, சர்க்கரையும் பட்டையும் போட்டு அதோலே என்கிற பானமாகக் காய்ச்சிவிடுங்கள்.

## அறிகுறி: பூரணம் பிதுங்கி வெளியே வருகிறது

எனக்கு வரும் படங்களில் முதலிடம் இதற்குத்தான். எங்கே பிளந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

### கொமாலில் போடுவதற்கு முன்பே, தட்டும்போது பிதுங்கினால்

அளவு கூடிவிட்டது. 80 கிராம் மாவுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் பூரணம் போதும். கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்கிற கை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தப் பழக்கத்தில் சொப்பை மெல்லிதாக்கிவிடுகிறீர்கள். ஆவியில் வேகும் அரிசி மாவுக்கு அது சரி. இங்கே மூடிய பிறகு இன்னும் தட்டிச் சப்பையாக்க வேண்டும், அதனால் சுவர் தடிப்பாக இருக்க வேண்டும்.

சந்தையில் பெண்கள் சொப்பே செய்வதில்லை. உருண்டையை நீள வட்டமாகத் தட்டி, நடுவில் பீன்ஸை ஒரு கோடாக வைத்து, இரண்டு பக்கத்தையும் மேலே கொண்டுவந்து ஒட்டி, முனைகளைக் கிள்ளி மூடிவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டித் தட்டி ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முதல்முறை செய்பவர்களுக்கும் இதுதான் எளிது.

### மூட்டு ஓரமாகப் பிளந்தால்

மூட்டில் பூரணமோ எண்ணெயோ பட்டிருக்கிறது. மாவு மாவோடுதான் ஒட்டும். பூரணத்தைச் சுற்றி ஒன்றரை சென்டிமீட்டர் வெற்று ஓரம் விடுங்கள். பிளந்த இடத்தில் ஈர விரலால் சிறிது மாவை அப்பித் தடவினால் போதும். கொமாலில் மூட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி போடுங்கள்; சூடு பட்டதும் இறுகிவிடும்.

### சுடும்போது நடுவில் வாய் திறந்தால்

பூரணத்தில் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகி வழி தேடுகிறது.

பீன்ஸ் என்றால், வாணலியில் கிளறும்போது கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். ஆறியபின் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். டின்னில் வரும் பீன்ஸ் விழுதை நேராக வைத்தால் நிச்சயம் பிளக்கும். பத்து நிமிடமாவது வாணலியில் கிளறி வற்றவைத்து ஆறவையுங்கள். சூடான பூரணமும் கூடாது, மாவை உள்ளிருந்தே இளக்கிவிடும். மணத்துக்கு வெண்ணெய்ப்பழ (அவகாடோ) மரத்து இலையைச் சேர்ப்பார்கள் என்று படித்துவிட்டுத் தோட்டத்து மரத்தில் பறித்துப் போட வேண்டாம். அந்தச் சோம்பு மணம் மெக்சிகோ வகை மரத்துக்குத்தான் உண்டு. எல்லா வெண்ணெய்ப்பழ இலையும் சாப்பிடத் தகுந்ததும் இல்லை. காய்ந்த இலையாகப் பாக்கெட்டில் கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ரெக்கெசோன் என்றால் மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். அதற்குப் பதில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்தாலும் இதே கதைதான்.

கெசிய்யோ என்கிற வஹாகா பாலாடைக்கட்டி இழையிழையாக உருகும் வகை. தனியாக வைத்தால் உருகி ஓடி எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வரும். குளிர்ந்த நிலையில், மசித்த உருளைக்கிழங்கோடு கலந்து வையுங்கள். கெசோ ஃப்ரெஸ்கோ என்கிற உருகாத பாலாடைக்கட்டி இந்தத் தொல்லை தராது. அதை மேலே தூவினால்தான் எனக்குப் பிடிக்கும்.

சிச்சரோன் பிரென்சாதோ, அதாவது கட்டியாக அழுத்திய வகை, கொழுப்பு ஊறியது. வெறும் வாணலியில் சூடாக்கி, கசியும் கொழுப்பை வடித்துவிட்டு, இறுகும் வரை ஆறவையுங்கள். வடித்த கொழுப்பில் ஒரு டேபிள்ஸ்பூனை மாவில் சேர்த்துப் பிசையலாம், வீணாக்காதீர்கள்.

## அறிகுறி: வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு

ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பூரணத்தை ஒட்டிய மாவு பளபளவென்று, பசையாக இருந்தால் வேகவில்லை. மங்கலாக, ஈரப்பதத்தோடு ஆனால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் சுட்ட கையோடு தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டு நிமிடம் பொறுங்கள்.

தீயைக் குறைப்பதுதான் முதல் வேலை. டோர்ட்டியாவுக்கு வைக்கிற அனல் இதற்கு ஆகாது. தண்ணீர் சொட்டினால் சுர்ரென்று ஆவியாக வேண்டும், ஆனால் முத்தாக உருண்டு ஓடக் கூடாது. அந்த மிதமான சூட்டில் பக்கத்துக்கு 4 முதல் 5 நிமிடம். அடுத்தது கனம்: ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் எந்தத் தீயிலும் சிரமம்தான். விளிம்பு வெள்ளையாகவே நின்றால் கடைசியில் தூக்கி நிறுத்தி உருட்டி உருட்டிச் சுடுங்கள்.

ஒரே பக்கம் மட்டும் கருகுகிறதா? கொமால் முழுக்க ஒரு சிட்டிகை மாசா ஹரினாவைத் தூவுங்கள். எங்கே முதலில் பழுப்பாகிறது என்று பாருங்கள். நடுவில் ஒரு வட்டம் மட்டும் கருத்தால் கல் மெலிது. கனமான இரும்புத் தோசைக்கல்லே இதற்குத் தாராளம், புதுக் கொமால் வாங்க அவசியமில்லை. ஒரு பக்கம் கருத்து மறுபக்கம் வெள்ளையாக இருந்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. கழற்றி ஊசியால் குத்திக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அதற்குப் பிறகும் சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி பிடித்தால் அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எரிவாயு வாசம் வந்தால் எதையும் கழற்ற வேண்டாம். சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்சைத் தொடாமல் வெளியே போய் அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

## அறிகுறி: கல்லில் ஒட்டிப் பிய்கிறது

கல் காயவில்லை, அல்லது அவசரப்பட்டுத் திருப்புகிறீர்கள். அடி இறுகியதும் தானே விடும். மண் கொமாலாக இருந்தால் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மெல்லிதாகப் பூசிக் காயவைத்துச் சூடாக்க வேண்டும். மெக்சிகோவில் மண் கொமாலைப் பழக்குவது அப்படித்தான். பூச்சு தேய்ந்ததும் மறுபடி பூசவும். மண் கொமாலில் விரிசல் குறுக்கே ஓடியிருந்தால் பழுது பார்க்க வழியில்லை, மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: கோர்டிட்டா உப்பவில்லை, கீறினால் பிய்கிறது

உப்பாவிட்டால் குடி முழுகிப்போகாது. கூரான சிறு கத்தியால் விளாவில் பாதி வட்டம் கீறி உள்ளே அடைத்துவிடலாம், பல கடைகளில் செய்வது அதுதான். ஆனால் பனூச்சோவுக்கு உப்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தடவ இடமில்லை.

மாவு வறண்டிருந்தால் உப்பாது. மேலே சொன்ன அமுக்கும் சோதனை. கனம் ஏறுக்கு மாறாக இருந்தாலும் உப்பாது. கோர்டிட்டாவுக்கு 8 மில்லிமீட்டர், பனூச்சோவின் டோர்ட்டியாவுக்கு அதில் பாதிக்கும் குறைவு. திருப்பும் நேரமும் முக்கியம். மேல்புறம் ஈரம் தெரியும்போதே முதல்முறை திருப்புங்கள், இரண்டாவது பக்கத்தை நன்றாக வேகவிடுங்கள், மூன்றாவதாகத் திருப்பியதும் ஈரத்துணியால் மெல்ல அழுத்துங்கள். ஆவி ஒரு மூலையில் கிளம்பி மற்ற இடத்துக்குப் பரவும்.

கீறும்போது பிய்ந்தால் சூடு ஆறிவிட்டது. இறக்கி ஒரு நிமிடம் துணியில் சுற்றி வைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே கீறுங்கள். பேக்கிங் பவுடர் போடச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. 2 கப்புக்கு ½ டீஸ்பூன் போட்டால் மென்மை கூடும் என்பது உண்மை. எனக்கு அதன் சுவை நாக்கில் தட்டுகிறது, அதனால் போடுவதில்லை.

## அறிகுறி: எண்ணெய் குடிக்கிறது, அல்லது எண்ணெயில் வெடிக்கிறது

குடிப்பதற்குக் காரணம் சூடு போதாததுதான். ஒரு கிள்ளு மாவைப் போடுங்கள். உடனே நுரைத்து மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் பொறுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். ஒரே நேரத்தில் நாலைந்தைப் போட்டால் சூடு இறங்கிவிடும்.

வெடிப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே ஆவி அடைபட்டுத் தோல் இறுகினால் கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். வழி ஒன்றுதான்: முதலில் கொமாலில் பக்கத்துக்கு 2 நிமிடம் சுட்டு, பிளவு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு பொரியுங்கள். பிளந்ததை எண்ணெயில் போடவே வேண்டாம், கொமாலிலேயே முடித்துவிடுங்கள். மேல்தோலில் தண்ணீர் இருந்தால் துடைத்துவிட்டுப் போடுங்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். முகத்தில் பட்டாலோ உள்ளங்கையைவிடப் பெரிதாக வெந்தாலோ ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

## அறிகுறி: ஆறினதும் கல்லாகிறது

த்லாக்கோயோவின் சுபாவம் இது, முழுதாக மாற்ற முடியாது. சந்தையில் கூடைக்குள் துணி விரித்து மூடி வைப்பது இதற்காகத்தான். இறக்கியதும் தட்டில் பரப்பாமல் துணியில் அடுக்கி மூடுங்கள். மறுநாளைக்கு என்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, மூடி போட்ட கல்லில் மிதமான தீயில் 3 நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் உடனே சாப்பிட வேண்டும், ஆறினால் முன்பைவிட மோசம். மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் பன்றிக்கொழுப்போ எண்ணெயோ சேர்த்தால் கொஞ்ச நேரம் மென்மையாக இருக்கும். மொத்தமாகச் செய்பவர்கள் அரைவேக்காட்டில் எடுத்து ஆறவைத்து ஃப்ரீசரில் வையுங்கள்.

சூடாக இருக்கும்போதே கடினம் என்றால் அது வேறு. குறைந்த தீயில் வெகுநேரம் காயவிட்டிருக்கிறீர்கள்.

## அறிகுறி: கசப்பு, சோப்பு வாடை, புளிப்பு

கசப்பும் சோப்பு வாடையும் வீட்டில் வேகவைத்த சோளத்தில்தான் வரும். கழுவல் போதவில்லை. ஊறிய மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலை முழுக்க எடுத்தே தீர வேண்டும் என்றில்லை, கொஞ்சம் இருந்தால் மாவு பிடித்து நிற்கும். அப்படியும் கசந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது, அடுத்தமுறை எடைபோட்டுப் போடுங்கள். வெற்றிலைக்கு வாங்கும் குழைத்த சுண்ணாம்பில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாததால் 10 கிராம் கணக்கு நிற்காது. உணவுக்கென்று விற்கும் பொடிதான் வேண்டும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வரில் வையுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள்.

புளிப்பு வாடை என்றால் மாவு கெட்டுவிட்டது. ஈர மாவு வெயில் ஊரில் ஒரு நாள்கூடத் தாங்காது. தூக்கிப் போடுங்கள். பூஞ்சை பிடித்த சோளமும் அப்படியே. பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். கோழித் தீவனத்துக்கு விற்கும் சோளத்தை மலிவென்று வாங்காதீர்கள்.

## எல்லாம் சரிபார்த்தும் மாவு பிடிக்கவில்லை என்றால்

அரைப்பவரிடம் போக வேண்டிய கட்டம் இது. கை மில் வைத்திருந்தால் தட்டுகளைக் கழற்றி விரலால் தடவுங்கள். வரிகள் மழுங்கியிருந்தால் தட்டு மட்டும் மாற்றினால் போதும். மெக்சிகோவில் இருப்பவர்கள் இந்தச் செலவையும் மிச்சப்படுத்தலாம். பழைய குடியிருப்புகளில் நிஷ்டமால் மில் இன்னும் இருக்கிறது, எரிமலைக் கல்லில் அரைத்துத் தருவார்கள். கழுவி வடித்த சோளத்தை மூடிய வாளியில் காலையிலேயே கொண்டுபோங்கள், டோர்ட்டியாவுக்கான நைஸ் என்று சொல்லுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் டோர்ட்டியெரியாவில், அதாவது டோர்ட்டியாக் கடையில், மாவாகவே கிலோ கணக்கில் விற்கிறார்கள். முழுக்கச் சோளமா, மாசா ஹரினா கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

மில் இல்லாத ஊரில் இருப்பவர்கள் வெட் கிரைண்டரில் சிறிது சிறிதாகச் சோளத்தைப் போட்டு, சுற்றுவதற்கு வேண்டிய அளவு மட்டும் தண்ணீர் தெளித்து அரைத்து, கடைசியில் மாசா ஹரினாவால் இறுக்கிக்கொள்ளலாம். கிரைண்டர் திணறி மோட்டார் சூடேறினால் நிறுத்திவிடுங்கள். மோட்டாரின் சுருள் எரிந்தால் ஆகும் செலவுக்குப் பல மாதத்துக்கான மாசா ஹரினா வாங்கிவிடலாம்.